புளிக்க வைத்த சோளம்

தேவ்நாரில் நாங்கள் குடியிருந்த வரிசையில் பதினோரு தகர வீடுகள். ஏழாவது பேராச்சி வீடு, ஒன்பதாவது லூசியம்மாள் வீடு, நடுவில் எட்டாவதில் நான். இரண்டு வீட்டிலும் கோழி வளர்த்தார்கள். அதனால் திங்கள், புதன், வெள்ளி பேராச்சியிடம் முட்டை வாங்குவேன். செவ்வாய், வியாழன், சனி லூசியிடம். ஞாயிற்றுக்கிழமை யாரிடம் வாங்குவது என்ற வம்பே வேண்டாம் என்று முட்டை தின்னாமல் இருந்துவிடுவேன். குர்லா பட்டறையில் லேத்து ஓட்டுகிற தனிக்கட்டை நான், எனக்கு ஏன் ஊர்ப் பகை?

இந்த ஏற்பாடு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அறுபத்தாறாம் வருஷம் ஐப்பசியில் கெட்டது. லூசி கொடுத்த முட்டையும் பேராச்சி கொடுத்த முட்டையும் என் அடுப்புப் பக்கத்தில் ஒன்றாகக் கிடந்ததைப் பேராச்சி பார்த்துவிட்டாள். தீப்பெட்டி கேட்டு வந்தவள், தீப்பெட்டியை மறந்து இரண்டையும் இரண்டு கையில் எடுத்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"இது எப்பம் வாங்குனது?"

"நேத்து."

"இது?"

"முந்தாநாள், உங்க வீட்ல."

அவள் தன் வீட்டு முட்டையைத் திரும்ப வைத்தாள். லூசியின் முட்டையை இன்னும் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். வித்தியாசம் எனக்கே தெரிந்தது. ஒன்று உள்ளங்கை நிறைய இருந்தது. மற்றது புறா முட்டைக்குப் பெரியம்மா மகள். பேராச்சி தீப்பெட்டி வாங்காமலே போனாள்.

இரண்டு வீட்டுக் கோழிகளும் ஒரே நாளில் வந்தவை. கோரேகாவ் பக்கம் ஒரு பண்ணையில் அறுபது வெள்ளைக் கோழிகளைச் சேர்ந்து வாங்கி டெம்போவில் போட்டுக் கொண்டுவந்தார்கள். பிரிக்கும்போது லூசி, "நீங்க மூத்தவிய, மொதல்ல எடுங்க" என்று சொல்லிவிட்டாள். பேராச்சி ஒரு காலை நேரம் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொன்றையும் தூக்கி எடை பார்த்து, கொண்டையைப் பார்த்து, இறகை விலக்கிப் பார்த்து முப்பதைப் பொறுக்கினாள். மிச்சத்தை லூசி கொண்டுபோனாள். இப்போது அந்த மிச்சம்தான் உள்ளங்கை நிறைய முட்டை போட்டது. பேராச்சிக்கு வயிறு எரிந்ததென்றால் அதில் நியாயமே இல்லை என்று என்னால் சொல்ல முடியாது.

பேராச்சியின் புருஷன் பூதத்தான் துறைமுகத்துச் சரக்குக் கிட்டங்கியில் மூட்டை தூக்கியவர். ஒரு நாள் மேலேயிருந்து மூட்டை சரிந்து இடுப்பில் விழுந்தது. அதற்குப் பிறகு கம்பு இல்லாமல் நடக்க முடியாது. முட்டையைத் துடைத்து, அளவு பார்த்து, வைக்கோலில் அடுக்குவதுதான் அவருக்கு வேலை. அந்த முப்பது கோழிகள்தான் அவர்கள் வீட்டு அடுப்பு. லூசிக்கு அப்படியில்லை. அவள் புருஷன் மரியசூசை கப்பலில் சமையல்காரன். மாதம் பிறந்தால் மணியார்டர் வந்துவிடும். "அவளுக்குக் கோழி சும்மா பொழுதுபோக்கு. எனக்குச் சோறு. சாமி யாருக்குக் குடுக்கு பாருங்க" என்று பேராச்சி என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள்.

கெடுதல் தீனியில் இருந்தது. முன்பு மக்காச்சோளம் கிடைத்தது. பஞ்ச காலம் வந்ததும் அது மறைந்துபோய், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த சிவப்புச் சோளம்தான் எங்கும். ரேஷனில் அதை வாங்கித் தின்ற மனிதர்களே முகம் சுளித்தார்கள். கிட்டங்கியில் மூட்டை கிழிந்து கொட்டுகிறதைக் கூட்டி அள்ளிக் குறைந்த விலைக்குத் தள்ளுவார்கள். பூதத்தானின் பழைய கூட்டாளி வானமாமலை அதில் மாதம் ஒரு மூட்டை கொண்டுவந்து போடுவார். இரண்டு வீட்டுக்கும் பாதிப் பாதி.

அந்தச் சோளத்தைக் கோழி கொத்தித் தின்னத்தான் செய்தது. ஆனால் தின்ற வேகத்தில் பின்பக்கம் முழுசு முழுசாக வந்து விழுந்தது. பேராச்சி ஒரு குச்சியை வைத்துக்கொண்டு கூண்டுக்கடியில் குந்தி எச்சத்தைக் கிளறிப் பார்ப்பாள். சிவப்பு மணிகள் கழுவி வைத்தது மாதிரி கிடக்கும். முட்டை சிறுத்தது. தோடு, அதன் மேல் ஓடு, மெலிந்தது. இருபத்தைந்து முட்டை வந்த இடத்தில் பன்னிரண்டு வந்தது.

லூசி வீட்டிலும் புரட்டாசி முழுக்க இதே கதைதான். ஐப்பசியில் எப்படியோ தேறிவிட்டது. பேராச்சி அதையும் பார்க்காமல் விடவில்லை. லூசி மீன் வாங்கப் போன நேரத்தில் பின்பக்கமாய்ப் போய் அவள் கூண்டுக்கடியிலும் குச்சியால் கிளறியிருக்கிறாள். நான் ஷிப்ட் முடிந்து வந்து பின்கதவைத் திறந்தபோது கையும் குச்சியுமாய் மாட்டிக்கொண்டாள்.

"ஒரு மணி இல்ல" என்றாள் என்னைப் பார்த்து, வெட்கமே படாமல். "பாத்தியளா? ஒரு சோள மணி இல்ல. அம்புட்டும் செரிச்சுப் போயிருக்கு. என்னத்தையோ போடுதா. சொல்ல மாட்டேங்கா."

"நீங்க கேட்டீங்களா?"

"நான் எதுக்குக் கேக்கணும்?"

நான் பின்கதவைச் சாத்திக்கொண்டேன்.

கார்த்திகை பிறந்த வாரம் செம்பூரிலிருந்து பேக்கரிக்காரர் சைக்கிளில் வந்தார். கோவாக்காரர், தலையில் எப்போதும் ஒரு தொப்பி. கிறிஸ்துமஸ் கேக்குக்கு டிசம்பர் முழுக்க தினமும் முட்டை வேண்டும். இரண்டு வீட்டில் வாங்கினால் ஒரே அளவாய் வராது, ஒரு வீட்டில்தான் எடுப்பேன் என்று இந்தியில் சொன்னார். பேராச்சி ஒரு முட்டை கொண்டுவந்தாள், லூசி ஒன்று. மனுஷன் எதையும் உடைத்துப் பார்க்கவில்லை. இரண்டையும் இரண்டு கையில் பிடித்து ஒன்றோடொன்று மெல்லத் தட்டினார். பேராச்சி வீட்டு முட்டை சளக்கென்று உடைந்து அவர் விரலில் வழிந்தது. லூசியின் முட்டையில் கீறல் கூட இல்லை.

"பதினஞ்சு தின் கே பாத் ஆயேகா" என்று சொல்லிக் கையைத் துடைத்துக்கொண்டு போனார். பதினைந்து நாள் கழித்து மறுபடி தட்டிப் பார்த்துத்தான் எந்த வீடு என்று சொல்வாராம்.

அன்று சாயங்காலம் பேராச்சி வீட்டில் பேச்சு தகரத்தைத் தாண்டி எனக்குக் கேட்டது. கேட்காமல் இருக்க நான் காதில் பஞ்சு வைக்கவில்லை.

"அந்தப் புள்ளகிட்ட ஒரு வார்த்த கேட்டாத்தான் என்ன?" என்றார் பூதத்தான்.

"யாருகிட்ட?"

"லூசிகிட்டதான். அது நல்ல புள்ள. மொகம் கோணாமச் சொல்லும்."

"ஆமா, நல்ல புள்ள. எனக்குத்தான் நெஞ்செல்லாம் வெசம்."

"நான் அப்படிச் சொன்னனா?"

"சொல்லாட்டா என்ன, மனசுல அதான. அவ முட்டயத் தொடச்சு அடுக்கணும்னு கையி துறுதுறுங்குதோ? போங்க, போய் அவ வீட்டு வாசல்ல ஒக்காருங்க."

"ஏட்டி, இடுப்பு ஒடிஞ்சவனப் பாத்துப் பேசுத பேச்சா இது?"

அதற்கப்புறம் பாத்திரம் மட்டும் கொஞ்சம் உருண்டது.

யாரும் கேட்காமலே லூசி சொன்னதுதான் இந்தக் கதையின் கூத்து. எங்கள் வரிசைக்கு ஒரே குழாய். விடியற்காலம் ஒரு மணி நேரம்தான் தண்ணீர். வரிசையில் குடத்தை வைத்துவிட்டு நின்றபோது லூசி பேராச்சி பக்கம் வந்தாள். நான் இரண்டு ஆளுக்குப் பின்னால் வாளியோடு நின்றேன்.

"யக்கா, சோளத்த முழுசாவா போடுதிய?"

"பின்ன, அரைச்சு ஊட்டியா விடுவாவ?"

லூசி சிரித்தாள். "ஊட்ட வேண்டாம். திருகையில போட்டு ரெண்டா ஒடச்சாப் போதும். கோழிக்குப் பல்லா இருக்கு? வயித்துக்குள்ள கெடக்குத கல்லுதான் அரைக்கணும். இந்தச் செவத்த சோளத்துக்கு அது காணாது. கடிச்சுப் பாருங்க, நாக்கு ஒட்டும். அந்தத் துவர்ப்பு வயித்தக் கட்டிப் போட்டுருதுக்கா."

"எல்லாம் தெரிஞ்ச டாக்டரு."

"டாக்டரும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஒரு நா நீச்சுத்தண்ணிப் பானையில கொஞ்சம் சோளம் சிந்திக் கெடந்துச்சு. மறுநா புளிச்சுப் போச்சேன்னு கூண்டுக்குள்ள கொட்டினேன். அன்னைக்குத்தான் பீயில மணி இல்ல. அதுலேர்ந்து அப்படியே செய்யுதேன். ஒடச்ச சோளத்துல நீச்சுத்தண்ணி ஊத்தி ரெண்டு நா மூடி வையுங்க. நல்லாப் புளிச்ச வாட வரும். அப்பம் புழிஞ்சு அந்தச் செவத்த தண்ணியக் கீழ ஊத்திருங்க. அதுல ஒரு கரண்டி மட்டும் எடுத்து அடுத்த பானைக்கு ஒறை ஊத்திக்கலாம். சக்கைய சாக்குல ஒணத்திப் போடுங்க. மீன் விக்குத கோலிக்காரிகிட்ட சிப்பி வாங்கி இடிச்சு தனியா ஒரு சட்டியில வச்சிருங்க. தோடு கெட்டிப்படும்."

பேராச்சி எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது பின்னால் தெரிந்தது.

"ஒண்ணு மட்டும் யக்கா. உப்புப் போட்ராதிய. தோச மாவுக்குப் போட்டுப் பழகின கை, தன்னால போயிரும். கோழிக்கு ஆகாது."

"என் கை எங்க போவும்னு எனக்குத் தெரியும்" என்று பேராச்சி குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

பிற்பாடு இதைப் பேராச்சியே என்னிடம் சொன்னாள். சொல்லும்போதும் அவளுக்குக் கோபம் தணிந்திருக்கவில்லை. "எவளாச்சும் தொழில் சூட்சுமத்தைக் குழாயடியில வச்சுச் சொல்லுவாளா? அதுவும் பேக்கரிக்காரன் வந்துட்டுப் போன மறுநா? அப்பம் எதையோ மறைக்கான்னுதான அர்த்தம்? உப்புப் போடாம எந்த மாவு பொங்கியிருக்கு? எங்க ஆத்தா போட்டா, நான் போடுதேன். கல்லுப்பு போட்டுக் கையக் கொண்டு கரைச்சாத்தான் மாவு புளிக்கும். ஊரெல்லாம் அப்படித்தான். இவ கோழிக்கு மட்டும் உப்பில்லாமப் புளிக்குமோ?"

இந்தச் சந்தேகத்தோடு இரண்டு நாள் அவள் அரைமனசாய்த்தான் இருந்திருக்கிறாள். மூன்றாம் நாள் லூசி தலையில் ஒரு கோணிப்பையோடு வந்தாள். பையின் அடியிலிருந்து உப்பு நீர் சொட்டிக்கொண்டே வந்தது. டிராம்பே போகிற வழியில் உப்பளம் உண்டு, அங்கே கல்லுப்பு மலிவு. பேராச்சி வாசலில் நின்று அந்தப் பை லூசி வீட்டுக்குள் போகும்வரை பார்த்தாள். ஒரு ஆளுக்கு எதற்கு ஒரு பை உப்பு?

"அப்பவே எனக்குப் புரிஞ்சு போச்சு" என்றாள் என்னிடம். "போடாதன்னு சொன்னாள்லா, அதத்தான் போடுதா."

லூசி தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரி. குளிர் தொடங்கி மீன் மலியும் நாளில் வாளையும் சாளையும் வாங்கி உப்புப் போட்டுக் கூரைமேல் காயவைப்பாள். வருஷா வருஷம் எங்கள் வரிசைக்கே கருவாடு கொடுப்பாள். பேராச்சி வீட்டுக் குழம்பிலும் அது கிடக்கும். ஆனால் பொறாமை பிடித்த கண்ணுக்கு அது ஏன் ஞாபகம் வரப்போகிறது?

வானமாமலை கொண்டுவருகிற மூட்டையில் பாதியைக் கொடுக்கவும் அவளுக்கு மனசில்லை. "நல்லது அவ பாதியில போயிருது, தூசி நம்ம பாதியில வருது. நீங்களே போய்ப் பாத்து ஒரு மூட்ட தனியா எடுத்துட்டு வாங்க" என்று பூதத்தானை விரட்டினாள். அந்த மனுஷன் கம்பை ஊன்றிக்கொண்டு ரயிலேறிப் போய், கிட்டங்கி வாசலில் நாள் முழுக்கக் காத்திருந்து, அள்ளி மோந்து பார்த்து, தூசியில்லாத மூட்டையாய் ஒன்று எடுத்து வந்தார். வந்து இறங்கும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையை நான் பார்த்தேன். இடுப்பு போனபின் அவர் வீட்டுக்கென்று வெளியே போய்ச் செய்துவந்த முதல் வேலை அது.

"ஒரு கல்லு கெடையாது" என்றார் என்னிடம். "நான் கையப் போட்டாத் தப்பாது."

பேராச்சி திருகையில் உடைத்தாள். நீச்சுத்தண்ணி ஊற்றினாள். கல்லுப்பைக் கையில் அள்ளினாள், போட்டாள். லூசியை விடப் பெரிய முட்டை வேண்டுமே என்று இன்னொரு கையும் அள்ளிப் போட்டாள். முழங்கை வரை விட்டுக் கரைத்து மூடினாள். இரண்டு நாளில் அருமையாகப் புளித்தது. என் வீட்டு வரைக்கும் வாசம் வந்தது. சிவப்புத் தண்ணீரையும் அவள் சரியாகப் பிழியவில்லை, சத்து போய்விடுமே என்று பாதிக்கு மேல் விட்டுவிட்டாள்.

கோழிகள் அடித்துப் பிடித்துத் தின்றன. பேராச்சி அன்று பாடாத குறை. எனக்கு ஒரு தம்ளர் காப்பி கூட வந்தது. "பதினஞ்சாம் நாளு தட்டட்டும், அவ முட்ட ஒடைதா இல்லையா பாப்போம்" என்றாள்.

தின்ற கோழிகள் தண்ணீருக்கு அலைந்தன. தகரத் தொட்டியில் காலையில் ஊற்றினது பத்து மணிக்கெல்லாம் காலி. குடிக்க வைத்த குடத்திலிருந்து அரைக் குடம் ஊற்றினாள், அதுவும் போயிற்று. ஒரு மணி நேரக் குழாயில் அவள் எத்தனை குடம்தான் பிடிக்க முடியும்? வாயைப் பிளந்துகொண்டு தொட்டியைச் சுற்றி நின்ற கோழிகளைப் பார்த்து, "என்ன தீனி தின்னுருக்குவ, அதான் தாகம்" என்று சொல்லி மறுநாளும் அதே பானையிலிருந்து அள்ளிப் போட்டாள்.

மூன்றாம் நாள் கூண்டுக்கடியில் தண்ணீர் தண்ணீராய்ப் போயிருந்தது. சில கோழிகள் கால் பின்ன நடந்தன. நான்காம் நாள் விடிந்து பார்த்தால் ஆறு செத்துக் கிடந்தன. தேவ்நார் குப்பைமேட்டுப் புகை இறங்கி வரிசையே மங்கலாய்க் கிடந்த காலை. பேராச்சி ஒன்றைக் காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு என் வாசலைத் தாண்டி ஒன்பதாவது வீட்டுக்குப் போனாள்.

"ஏளா லூசி! வெளிய வாளா!"

லூசி தலையைக் கோதிக்கொண்டே வந்தாள். கோழியைப் பார்த்ததும் கை அப்படியே நின்றது.

"பாரு. நல்லாப் பாரு. சொல்லுத மாதிரி சொல்லி எங்குடியக் கெடுத்துட்டியே! ஒனக்கு மணியார்டர் வருது, நீ கேக்குக்கு முட்ட வித்துத்தான் வாழணுமா? நானும் அந்த ஒடிஞ்ச மனுசனும் இத வச்சுத்தானளா கஞ்சி குடிக்கோம்!"

வரிசை முழுக்கக் கூடிவிட்டது. முனை வீட்டு வாலாம்பாள் முன்னால் வந்து நின்று, "என்ன சொல்லிக் குடுத்தே லூசி? என்ன போடச் சொன்னே?" என்று கேட்டாள். வாலாம்பாள் மாட்டுங்காவிலிருந்து வந்தவள். எங்கே சண்டை நடந்தாலும் விசாரணை அவளுடையதுதான்.

லூசி நேரே பேராச்சி வீட்டுக்குப் போனாள். கூண்டைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள். மூலையில் இருந்த பானையின் மூடியை எடுத்து ஒரு விரலை விட்டு நாக்கில் வைத்தாள்.

பேராச்சி கதவருகில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். லூசி முந்தானையால் உதட்டைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பேராச்சியை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பேராச்சிக்கு அந்த நிமிஷம் எல்லாம் விளங்கிவிட்டது. முகம் வெளுத்து, கையிலிருந்த கோழியைக் கீழே போட்டாள்.

"என்னடி அது, என்ன இருக்கு அதுலே?" என்றாள் வாலாம்பாள்.

"சோளத்துல எலி மருந்து பட்டிருக்கும் போல" என்றாள் லூசி. "கிட்டங்கியில வைப்பாவல்லா. அந்த மூட்டையில சிந்தியிருக்கும். யாரு மேலயும் குத்தமில்ல. தண்ணி கொண்டு வாங்க, இருக்கதுகளப் பாப்போம்."

அவளே தன் வீட்டுக் குடங்களைத் தூக்கி வந்தாள். நானும் என் வாளியைக் கொடுத்தேன். ஒரேயடியாய்க் குடித்தாலும் செத்துப்போகும் என்று சிரட்டை சிரட்டையாய் ஊற்றி, குடித்த கோழியைப் பிரித்துப் பிரித்து விட்டாள். பானையைத் தூக்கிப் போய்ச் சாக்கடையில் கவிழ்த்தாள். பொழுது சாய்வதற்குள் இன்னும் பதினொன்று போயிற்று. பதிமூன்று தப்பியது.

சாதாரண ஆளாக இருந்தால் பேராச்சி இதோடு லூசி காலில் விழுந்திருக்க வேண்டும். பேராச்சி சாதாரண ஆள் இல்லை. அவளுக்கு இப்போதுதான் நிஜமாக எரிந்தது. முட்டையில் ஜெயித்தாள், சரி. மனசிலும் ஜெயித்துவிட்டாளே! 'உப்பு' என்று ஒரு வார்த்தை அத்தனை பேருக்கு முன்னால் சொல்லியிருந்தால் தலைமுடியைப் பிடித்துச் சண்டை போட்டிருக்கலாம். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டாள்.

பூதத்தான் சாப்பிடவில்லை. முதல் நாள் பசியில்லை என்றார். இரண்டாம் நாள் தட்டைத் தள்ளிவைத்தார்.

"நான் எடுத்த மூட்டதான" என்றார். "மோந்து பாத்தேன், அள்ளிப் பாத்தேன். மருந்து வாட தெரியலயே எனக்கு. இருவது வருசம் மூட்ட தூக்கினவன். இனிமே ஒரு சோள மணி பொறுக்கக்கூட லாயக்கில்லட்டீ நான்."

"சாப்பிடுங்க."

"பதினேழு கோழியக் கொன்னுட்டு எப்படிட்டீ சாப்பிட? அந்தப் புள்ளயப் பாரு. அம்புட்டுப் பேச்சு பேசின நீ. ஒரு சொல்லு திருப்பிச் சொல்லல. அவ வீட்டுத் தண்ணியக் கொண்டாந்து ஊத்துனா. அந்த மனசு யாருக்கு வரும்?"

 தகரத்துக்கு இந்தப் பக்கம் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். உப்புப் போட்டதை இப்போதாவது சொல்வாள் என்று நினைத்தேன். அவள் சொல்லவில்லை.

பதினைந்தாம் நாள் பேக்கரிக்காரர் வந்தார். பேராச்சி வெளியே வரவில்லை. லூசியின் முட்டைகளை ஒன்றோடொன்று தட்டிப் பார்த்துவிட்டு டிசம்பர் முழுக்க எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் போனார். அன்று சாயங்காலம் லூசி ஒரு பொட்டலத்தில் கருவாடு கட்டி என் கையில் கொடுத்து, "யக்கா நான் குடுத்தா வாங்க மாட்டாவ, நீங்க குடுங்க" என்றாள். கொடுத்தேன். பேராச்சி பிரித்துப் பார்த்தாள். வாளைத் துண்டுகள் மேல் கல்லுப்பு பூத்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றவள், பொட்டலத்தை மறுபடி கட்டி உள்ளே கொண்டுபோனாள்.

மறுநாள் காலை குழாயடியில்தான் அது வெடித்தது. வரிசையில் பேராச்சி, அவளுக்குப் பின்னால் வாலாம்பாள், அப்புறம் நான். லூசி முன்னால் குடம் பிடித்துக்கொண்டிருந்தாள். பூதத்தானும் கம்பை ஊன்றிக்கொண்டு வந்து ஓரத்தில் நின்றார். தூக்கமில்லாமல் கண் சிவந்திருந்தது.

"பாவம், ஆம்பிள்ள பாத்து வாங்கின மூட்டை, இப்படியா ஆகணும்" என்றாள் வாலாம்பாள், அவர் காதில் விழுகிற மாதிரியே. "ஆனா ஒண்ணு சொல்றேன் பேராச்சி, லூசி மாதிரி குணம் லட்சத்துலே ஒருத்திக்குத்தான் வரும்."

பேராச்சி குடத்தை நங்கென்று தரையில் வைத்தாள்.

"எலி மருந்துமில்ல, ஒரு மண்ணுமில்ல. உப்பு! ரெண்டு கை கல்லுப்பு. நான்தான் போட்டேன், இந்தக் கையாலதான் போட்டேன்!"

 லூசியின் குடம் நிரம்பி வழிந்தது, அவள் எடுக்கவில்லை.

"இவ போடாதன்னுதான் சொன்னா. நான்தான் பொய் சொல்லுதான்னு போட்டேன். அன்னைக்கு அம்புட்டுப் பேரு முன்னால சொன்னாளே மருந்துன்னு, அதான் பொய்யி. எனக்காவச் சொன்னா. யாருட்டீ ஒன்னயக் கேட்டா? ஏம் மானத்தக் காப்பாத்தச் சொல்லி ஒன்கிட்ட மனுக் குடுத்தனா? நீ பெரிய மனுசி ஆவுததுக்கு ஏம் புருசன் மூணு நாளாக் கொலப்பட்டினி கெடக்கணுமோ?"

சொல்லிவிட்டு அழுதாள். முந்தானையைக் கூட எடுக்காமல் அப்படியே நின்று அழுதாள்.

"எனக்கு அது தோணலக்கா" என்றாள் லூசி மெதுவாக. "அண்ணாச்சிய நான் நெனைக்கவே இல்ல. தப்புதான்."

"பாருங்க!" என்று பேராச்சி எங்கள் பக்கம் திரும்பினாள். "இதுக்கும் தப்புங்கா பாருங்க! இவகூட எப்படித்தான் சண்ட போட?"

யாரோ சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பூதத்தான் கம்பைத் தட்டித் தட்டி அவள் பக்கம் வந்தார். அடித்துவிடுவாரோ என்றுதான் நினைத்தேன்.

"அப்பம் மூட்ட நல்ல மூட்டதானா?" என்றார்.

"நல்ல மூட்டதான். ஒரு கல்லு இல்ல."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். 

"பசிக்கிட்டீ" என்றார்.

அன்று அவர்கள் வீட்டில் கருவாட்டுக் குழம்பு. என் வீட்டு வரை மணத்தது.

அதற்கு மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை, என் கணக்குப்படி பேராச்சி முறை. முட்டை இருக்காது என்று தெரிந்தும் போய்க் கேட்காவிட்டால் தப்பாக நினைப்பாளே என்று பின்கதவைத் திறந்தேன். அவள் ஒரு பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு லூசி வீட்டுப் பின்வாசலில் நின்றுகொண்டிருந்தாள். புளித்த சோளத்தின் வாசம் அடித்தது.

"நக்கிப் பாரு" என்றாள்.

லூசி விரலை விட்டு நாக்கில் வைத்தாள். "உப்பு இல்லக்கா. நல்லாப் புளிச்சிருக்கு. நல்லாவும் புழிஞ்சிருக்கிய."

பேராச்சி நகரவில்லை.

"ஒன் பானையக் கொண்டா."

"எதுக்குக்கா?"

"கொண்டாங்கேன்."

லூசி உள்ளே போய்த் தன் பானையைக் கொண்டுவந்து வைத்தாள். பேராச்சி குனிந்து விரலை விட்டு நக்கினாள். கண்ணை மூடிக்கொண்டு நாக்கில் புரட்டிப் பார்த்தாள். பிறகு தன் பானையில் விரலை விட்டு நக்கினாள். மறுபடி லூசி பானையில். இன்னொரு தடவை தன் பானையில்.

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள்.

ஏதாவது ஒன்று கூடவோ குறையவோ இருந்திருந்தால் அவளுக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்! பானையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து, "முட்ட இல்ல, திங்கக்கிழம வாங்க" என்று சொல்லிவிட்டுக் கோழிகளிடம் போனாள்.